விலையைச் சொல்லிட்டு கையெழுத்து கேளுங்க

அட்மிஷன் டீன்களுக்கும் ஃபைனான்ஷியல் எய்ட் ஆபீஸ்ல இருக்கற எல்லாருக்கும் வணக்கம்.

எர்லி டிசிஷன், அதாவது நவம்பர்லயே ஒரே காலேஜுக்குப் போட்டு கிடைச்சா அங்கதான் சேரணும்ங்கற ஈடி முறை, அதை வச்சிருக்கற அத்தனை காலேஜுக்கும் சேத்துதான் இதை எழுதறேன். நான் நியூ ஜெர்சில இருக்கற ஒரு அம்மா, ஃபார்மா கம்பெனில குவாலிட்டி டிபார்ட்மென்ட்ல வேலை, வீட்டுக்காரர் ஐடி, ரெண்டு பிள்ளைங்க. பொண்ணு போன வருஷம் காலேஜுக்கு அப்ளை பண்ணா, பையன் இந்த வருஷம் பன்னெண்டாவது. இதையே சுருக்கி இங்கிலீஷ்ல சில ஆபீஸுக்கு மெயில் போட்டாச்சு. தமிழ்லயும் எழுதணும்னு ஏன் தோணுச்சுன்னா, ஞாயித்துக்கிழமை தமிழ்ப் பள்ளி வாசல்ல பிள்ளைங்களை எறக்கி விட்டுட்டு கார் பக்கத்துல நின்னு நாங்க பேசிக்கறதே முக்காவாசி இதைத்தான், "ஈடி போடலாமா வேணாமா"ன்னு. அந்தப் பேச்சு நடக்கற பாஷைலயே இதுவும் இருக்கட்டும்.

நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. எங்க குடும்பம் வருஷத்துக்கு எவ்வளவு கட்டணும்ங்கற நம்பரை முதல்ல சொல்லுங்க, அதுக்கப்புறம் கையெழுத்து கேளுங்க.

போன வருஷம், 2024-ல, தீபாவளி அக்டோபர் 31, உங்க டெட்லைன் நவம்பர் 1. அதுக்கு மூணு நாள் முன்னாடி ராத்திரி நான் அதிரசத்துக்கு வெல்லப் பாகு காய்ச்சிட்டு இருந்தேன், கிண்ணத்துல தண்ணி வச்சு சொட்டு விட்டு பதம் பாத்துட்டு இருக்கும்போது போன்ல காமன் ஆப்லேர்ந்து, அதாவது பல காலேஜுக்கும் ஒரே இடத்துல அப்ளை பண்ற வெப்சைட்லேர்ந்து, மெயில் வந்துச்சு. பொண்ணு அவ பக்கத்து கையெழுத்தைப் போட்டுட்டா, இப்ப பேரன்ட் போடணும்னு. கையெழுத்துன்னா என்ன, ஒரு கட்டத்துல நம்ம பேரை டைப் பண்ணணும், அவ்வளவுதான். அதுக்கு மேல இருக்கற வரிகளை அடுப்பை அணைச்சுட்டு நின்னபடியே படிச்சேன். சீட் கிடைச்சா இங்கதான் சேருவோம், மத்த காலேஜுக்குப் போட்ட அப்ளிகேஷன் எல்லாத்தையும் வாபஸ் வாங்கிடுவோம். பிள்ளை, பெத்தவங்க, ஸ்கூல் கவுன்சிலர் மூணு பேரும் இதுக்கு ஒப்புக்கணும். எவ்வளவு பணம்ங்கறதுக்கு மட்டும் அந்தப் பக்கத்துல எங்கயுமே ஒரு நம்பர் கிடையாது.

உங்க வெப்சைட்லதான் நெட் பிரைஸ் கால்குலேட்டர் இருக்கே, ஒரு குடும்பம் எவ்வளவு கட்ட வேண்டி வரும்னு அதுல கணக்குப் போட்டுப் பாக்கலாமேன்னு நீங்க சொல்லுவீங்க. இருக்கு, 2011-லேர்ந்து சட்டப்படியே இருக்கணும். அன்னிக்கு ராத்திரி நானும் வீட்டுக்காரரும் அதை மூணு தடவை போட்டுப் பாத்தோம். முதல் தடவை சம்பளம், சேமிப்பு மட்டும் போட்டதுக்கு வருஷத்துக்கு 47,000 டாலர்னு வந்துச்சு. அடுத்து இங்க இருக்கற வீட்டோட மதிப்பையும் மிச்சக் கடனையும் போட்டோம், 55,000 ஆச்சு. மூணாவது தடவை திருச்சி வீட்டைச் சேத்தோம். அது மாமனார் பேர்ல பாதி, என் வீட்டுக்காரர் பேர்ல பாதி இருக்கு, மாமனாரும் மாமியாரும் அதுலதான் குடியிருக்காங்க, விக்கறதுங்கற பேச்சுக்கே இடமில்ல, ஆனா ஃபார்ம்ல அது "வேற சொத்து". இப்ப 63,000. மாமனாருக்கு வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ், அதுக்கு மாசாமாசம் நாங்க அனுப்பற பணத்தை எழுத கால்குலேட்டர்ல ஒரு கட்டம் கூட இல்ல. 47-க்கும் 63-க்கும் நடுவுல 16,000, நாலு வருஷத்துக்கு 64,000 டாலர். இதுல எது எங்க நம்பர்?

மறுநாள் லஞ்ச் டைம்ல கார்ல உக்காந்து அந்த காலேஜ்ல பண உதவியைக் கவனிக்கற எய்ட் ஆபீஸுக்கு போன் பண்ணேன். பேர் சொல்ல விரும்பல, போன் எடுத்த பொண்ணு ரொம்ப தன்மையாதான் பேசினாங்க. கால்குலேட்டர் ஒரு உத்தேசம்தான், சரியான தொகை அட்மிஷன் கிடைச்ச பிறகுதான் தெரியும்னாங்க. ஆனா அட்மிஷன் கிடைச்சா சேந்தே ஆகணும்னு இப்பவே எழுதிக் கேக்கறீங்களேன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, அப்புறம் "யூ ஆர் நாட் த ஃபர்ஸ்ட் பேரன்ட் டு ஆஸ்க்"னாங்க.

அந்த வருஷம் இன்னொண்ணும் நடந்துச்சு. ஃபெடரல் எய்டுக்கான ஃபாஃப்சா ஃபார்ம் வழக்கமா அக்டோபர் 1 திறக்கும், 2024-ல எல்லாருக்கும் திறந்தது நவம்பர் 21-ஆம் தேதி. அதாவது உங்க டெட்லைன் முடிஞ்சு மூணு வாரம் கழிச்சு. யாருமே டெட்லைனைத் தள்ளி வைக்கலன்னு சொல்ல வரல, ஆனா எங்களுக்கு வேண்டியிருந்த காலேஜ் தள்ளி வைக்கல.

நாங்க கையெழுத்து போடல. பொண்ணு என்னைத் திட்டல, அழல, "ஓகேம்மா"ன்னு லேப்டாப்பை மூடிட்டு மேல போயிட்டா. அதிரசத்தை அன்னிக்கு அவ தொடவே இல்ல. டிசம்பர் நடுவுல ஒரு சாயந்திரம் அவ கிளாஸ்மேட்ஸ் ஒவ்வொருத்தரா இன்ஸ்டாகிராம்ல காலேஜ் பேர் போட்ட ஸ்வெட்டரோட போட்டோ போட ஆரம்பிச்சாங்க, அதுல ரெண்டு பேர் இவளும் நானும் ஆசைப்பட்ட அதே காலேஜ். அவளைவிட கெட்டிக்காரங்களா, இல்லையா, அந்த ஆராய்ச்சிக்கே நான் போகல, நல்ல பசங்க, உழைச்ச பசங்க. ஆனா அந்த ரெண்டு வீட்லயும் கையெழுத்து போடறதுக்கு முன்னாடி கால்குலேட்டரைத் திறக்க வேண்டிய அவசியமே இருந்திருக்காது, அது மட்டும் எனக்குத் தெரியும். பொண்ணு ரெகுலர்ல போட்டா, மார்ச் கடைசில வெயிட்லிஸ்ட், அப்புறம் அந்த லிஸ்ட் நகரவே இல்ல. இப்ப ஸ்டேட் யுனிவர்சிட்டில இருக்கா, நல்லா படிக்கறா, ரூம்மேட்டும் நல்ல பொண்ணு. அவளுக்காக நான் இங்க அழ வரல.

இந்த முறையே புரியாத சொந்தக்காரங்க ஊர்ல இருக்காங்க, அவங்களுக்கும் சேத்து சொல்லிடறேன். சாதாரணமா ஜனவரி முதல் வாரத்துக்குள்ள பல காலேஜுக்குப் போட்டு, மார்ச் கடைசில பதில் வாங்கி, எந்த காலேஜ் எவ்வளவு எய்ட் தருதுன்னு பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்து மே 1-க்குள்ள ஒண்ணைத் தேர்ந்தெடுக்கலாம். எர்லி டிசிஷன்னா ஒரே ஒரு காலேஜுக்கு நவம்பர்லயே போட்டு, கிடைச்சா அதுதான்னு ஒப்பந்தம். அது தவிர எர்லி ஆக்‌ஷன்னு ஒண்ணு இருக்கு, முன்னாடியே போடலாம், முன்னாடியே பதில் வரும், ஆனா கட்டுப்பாடு கிடையாது. எம்ஐடி அப்படித்தான். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், ஸ்டான்ஃபோர்ட் நாலும் வேற பிரைவேட் காலேஜுக்கு எர்லியா போடக் கூடாதுன்னு மட்டும் கண்டிஷன் வைக்கும், சீட் கிடைச்சாலும் மே 1 வரைக்கும் யோசிக்க விடும். ஆக பிள்ளைங்க முன்னாடியே போடறதுக்கும் அவங்களைக் கட்டிப் போடறதுக்கும் சம்பந்தமில்ல, நீங்கதான் ரெண்டையும் ஒண்ணா முடிச்சுப் போட்டு வச்சிருக்கீங்க.

சரி, அப்ப ஈடி போடாம விட்டுடலாமேன்னா, அதுக்குத்தான் மனசு வராது. 2024-ல சேந்த பேட்ச்ல பிரவுன் யுனிவர்சிட்டிக்கு எர்லி டிசிஷன்ல 6,244 பேர் போட்டு 898 பேருக்குக் கிடைச்சுது, 100-க்கு 14 பேர். மொத்தமா போட்ட 48,881 பேர்ல கிடைச்சது 2,521 பேருக்கு, எர்லியைக் கழிச்சுட்டுப் பாத்தா மத்தவங்கள்ல 100-க்கு 4 பேர் கூட வரல. இந்த நம்பரை ஒரு அப்பா தமிழ்ப் பள்ளி பார்க்கிங்ல போன்ல காட்டினார்னா அங்க நிக்கற எல்லாருக்கும் வயித்துல புளியைக் கரைக்கும். அந்த 14-ல ஸ்போர்ட்ஸ் கோச் ஏற்கனவே பேசி வச்ச பசங்க இருக்காங்க, அங்கயே படிச்ச பெத்தவங்களோட பிள்ளைங்க இருக்காங்க, அதனால சாதாரணப் பிள்ளைக்கு வித்தியாசம் அவ்வளவு பெருசா இருக்காதுன்னு எனக்கும் தெரியும். இருந்தாலும் வித்தியாசம் உண்டு. ஹார்வர்ட் கென்னடி ஸ்கூல்ல இருந்த கிறிஸ்டோபர் ஏவரி, ரிச்சர்ட் செக்ஹவுசர், அட்மிஷன் ஆபீஸ்ல வேலை பாத்த ஆண்ட்ரூ ஃபேர்பேங்க்ஸ் மூணு பேரும் பெரிய காலேஜ்களோட அப்ளிகேஷன் டேட்டாவை அலசி 2003-லயே சொல்லிட்டாங்க, எர்லியா போடறது காலேஜ் அட்மிஷனுக்கு எழுதற எஸ்ஏடி பரீட்சைல ஏறக்குறைய 100 பாயின்ட் கூட எடுத்த மாதிரின்னு. அந்த 100 பாயின்ட்டுக்காகத்தான் எங்க பிள்ளைங்க ரெண்டு கோடை லீவு முழுக்க கோச்சிங் போறாங்க. காசைப் பத்திக் கவலைப்படாம நவம்பர்ல கையெழுத்து போட முடிஞ்ச வீட்டுப் பிள்ளைக்கு அது கையெழுத்துலயே கிடைச்சுடுது. ஒரே ஸ்கோர் எடுத்த பிள்ளைங்கள்ல, வருமானத்துல மேல இருக்கற 1 சதவீத வீட்டுப் பிள்ளைங்க நடுத்தர வீட்டுப் பிள்ளைங்களைவிட ரெண்டு மடங்குக்கு மேல ஐவி லீக் மாதிரி பெரிய பேர் வாங்கின காலேஜ்ல சேர்றாங்கன்னு 2023-ல பொருளாதார நிபுணர் ராஜ் செட்டியோட குழு கண்டுபிடிச்சதே, அதுக்கு இது ஒண்ணுதான் காரணம்னு நான் சொல்லல, ஆனா உங்க கைல இருக்கற, நீங்க நினைச்சா நாளைக்கே மாத்தக்கூடிய ஒரு காரணம் இது.

இதெல்லாம் உங்களுக்குத் தெரியாதுன்னு நினைச்சு எழுதல. யேல் தலைவரா இருந்த ரிச்சர்ட் லெவின் 2001-லயே எர்லி டிசிஷன் பிள்ளைங்களுக்கு நல்லதில்லன்னு பேசினார், 2002-ல யேலும் ஸ்டான்ஃபோர்டும் கட்டிப் போடறதை விட்டுடறோம்னு அறிவிச்சாங்க. 2006-ல ஹார்வர்டும் பிரின்ஸ்டனும் எர்லியையே மொத்தமா எடுத்தாங்க, வசதி இல்லாத பிள்ளைங்களுக்கு இது பாதகமா இருக்குன்னு அவங்களே காரணமும் சொன்னாங்க. மத்தவங்க யாரும் பெருசா பின்னாடி வரல, 2011-ல ரெண்டு பேரும் திரும்ப எர்லிக்கு வந்துட்டாங்க, ஆனா சேந்தே ஆகணும்ங்கற கட்டாயம் இல்லாத எர்லியா. 2025-ல மிச்சிகன், அதுவும் ஒரு ஸ்டேட் யுனிவர்சிட்டி, புதுசா எர்லி டிசிஷன் ஆரம்பிச்சிருக்கு. அதே வருஷம் ஆகஸ்ட்ல 32 காலேஜ் மேல மாசசூசெட்ஸ் ஃபெடரல் கோர்ட்ல கேஸும் போட்டிருக்காங்க, இந்த முறையால காலேஜ்களுக்குள்ள விலைப் போட்டியே இல்லாம போகுதுன்னு. தீர்ப்பு எப்ப வருமோ, என் பையனுக்கு டெட்லைன் நவம்பர் 1.

உங்க பக்கத்து நியாயத்தையும் நான் யோசிச்சுப் பாத்தேன். காமன் ஆப்ல ஒரு பிள்ளை 20 காலேஜுக்குப் போடறான், யார் வருவா யார் வர மாட்டான்னு தெரியாம ஒரு சின்ன ஊர்ல 500 சீட் இருக்கற காலேஜ் எப்படி பட்ஜெட் போடும், 30 பேர் குறைஞ்சாலே ஓட்டை விழும். உண்மைதான். பிள்ளைங்களுக்கும் டிசம்பர்லயே முடிவு தெரிஞ்சா பெரிய நிம்மதி, எங்க பொண்ணு ஜனவரிலேர்ந்து மார்ச் வரைக்கும் தூங்காம கிடந்ததைப் பாத்தவ நான். அதனால ஈடியையே எடுத்துடுங்கன்னு நான் கேக்கல. விலையைச் சொல்லுங்கன்னுதான் கேக்கறேன்.

எங்க தாத்தா மணப்பாறை சந்தைக்கு மாடு வாங்கப் போவார், சின்ன வயசுல ஒரு தடவை என்னையும் கூட்டிட்டுப் போனார். வாங்கறவரும் தரகரும் துண்டைப் போட்டு மூடி, துண்டுக்கடியில விரலைப் புடிச்சு விலை பேசுவாங்க. சுத்தி நிக்கற 50 பேருக்கும் அந்த விலை தெரியாது, ஆனா காசு குடுக்கப் போறவருக்குத் தெரியும், தெரிஞ்சு தலையாட்டின பிறகுதான் கயிறு கை மாறும். நான் 1998-ல அண்ணா யுனிவர்சிட்டில இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்குப் போனப்ப அங்கயும் அப்படித்தான், ஸ்க்ரீன்ல எந்த காலேஜ்ல எத்தனை சீட் மிச்சம்னு ஓடிட்டே இருக்கும், ஃபீஸ் எவ்வளவுன்னு அப்பா பாக்கெட்ல எழுதி வச்சிருந்தார், அதைப் பாத்துட்டுதான் எந்த காலேஜ்னு சொன்னோம். வருஷத்துக்கு 90,000 டாலரைத் தாண்டிப் போற ஒரு விஷயத்துக்கு, உலகத்துலயே பெரிய படிப்பு படிச்சவங்க நடத்தற இடத்துல, அந்த அளவு கூட இல்லைங்கறதை என்னால ஏத்துக்கவே முடியல.

எய்ட் பத்தலன்னா ஒப்பந்தத்துலேர்ந்து விடுவிச்சுடுவோம்னு எழுதியிருக்கீங்க. பத்துமா பத்தாதான்னு யார் முடிவு பண்றது? உங்க கணக்குப்படி 63,000 எங்களால முடியும்னு வந்தா, முடியாதுன்னு நாங்க நிரூபிக்கணும். பதில் வர்றது டிசம்பர் நடுவுல, ரெகுலர் டெட்லைன் ஜனவரி முதல் வாரம், நடுவுல கிறிஸ்துமஸ் லீவு, உங்க ஆபீஸும் மூடியிருக்கும், ஸ்கூலும் மூடியிருக்கும். கைல வேற காலேஜோட ஆஃபர் எதுவும் இருக்காது, எதை வச்சுப் பேசறது? இதுக்கும் மேல, கொலராடோல ஒரு ஸ்கூல்லேர்ந்து ஒரு பிள்ளை ஈடியை உடைச்சதுக்கு டுலேன் யுனிவர்சிட்டி அந்த ஸ்கூல் பிள்ளைங்க ஒருத்தருமே ஒரு வருஷம் ஈடி போடக் கூடாதுன்னு தடை போட்டுச்சு. அந்தச் செய்தி வந்த அன்னிக்கு எங்க பேரன்ட்ஸ் வாட்ஸ்அப் குரூப்ல எல்லாரும் அதைத்தான் ஃபார்வர்ட் பண்ணாங்க. விடுவிப்போம்னு நீங்க சொல்றதை நம்பி ஒரு அம்மா கையெழுத்து போடணும்னா, அவ பிள்ளையால அடுத்த வருஷத்துப் பிள்ளைங்களுக்குக் கெடுதல் வந்துடுமோன்னும் பயப்படணும்.

எங்களுக்காவது க்ரீன் கார்டு வந்துடுச்சு. எங்க தெருவுலயே ஒரு குடும்பம் இன்னும் எச்1பில, பையன் மூணு வயசுல இங்க வந்தவன், பெத்தவங்க விசாவை ஒட்டி வர்ற எச்4 விசால இருக்கான். க்ரீன் கார்டு வரிசைல எப்ப அவங்க முறை வரும்னு தெரியாது, 21 வயசானா அவன் அந்த வரிசைலேர்ந்தே வெளிய போயிடுவான். ஃபாஃப்சா அவனுக்குக் கிடையாது. உங்கள்ல நிறைய பேர் அவனை வெளிநாட்டு மாணவனாதான் பாக்கறீங்க, பணம் கேட்டாலே சீட்டுக்கான வாய்ப்பு குறையும். அதைப் பாக்காம சீட் தர்ற ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, டார்ட்மத், ஆம்ஹெர்ஸ்ட் மாதிரி காலேஜ்களை விரல் விட்டு எண்ணிடலாம். அவங்க அம்மா என்கிட்ட, "அக்கா, எய்ட் வேணும்னு டிக் பண்ணவா, வேணாமா"ன்னு கேட்டா. டிக் பண்ணாம ஈடி போட்டு சீட் கிடைச்சா வீட்டை வித்துதான் கட்டணும், டிக் பண்ணா சீட்டே போயிடுமோன்னு பயம். நான் என்ன பதில் சொல்லுவேன், அவ கையைப் புடிச்சுட்டு சும்மா நின்னேன். அந்தப் பிள்ளைக்குத்தான் நான் கேக்கற நம்பர் என் பையனைவிட அதிகமா தேவை.

முடியாததைக் கேக்கல நான். ஐவி லீக்லயும் நியூ இங்கிலாந்து சின்ன காலேஜ்கள்லயும் கோச் கூப்பிடற பிள்ளைங்களுக்கு, கோடைலயே வீட்டு வரி பேப்பரை வாங்கி, எவ்வளவு எய்ட் வரும்னு கணக்குப் போட்டு முன்கூட்டியே குடுக்கறீங்க, ப்ரீ-ரீட்னு அதுக்குப் பேரே வச்சிருக்கீங்க. ஓட்டமும் நீச்சலும் தெரிஞ்ச பிள்ளையோட அப்பாவுக்கு ஜூலைல சொல்ல முடிஞ்ச நம்பரை, வயலின் வாசிக்கற பிள்ளையோட அப்பாவுக்கு அக்டோபர்ல ஏன் சொல்ல முடியாது? வாஷிங்டன் ஸ்டேட்ல விட்மன்னு ஒரு சின்ன காலேஜ், அப்ளை பண்றதுக்கு முன்னாடியே பேப்பரை அனுப்பினா எய்ட் தொகையை உறுதியாவே எழுதித் தருது. அவங்களைவிட எத்தனையோ மடங்கு பெரிய நிதி வச்சிருக்கற நீங்க ஆள் பத்தலன்னு சொன்னா எப்படி நம்பறது. எல்லாருக்கும் வேணாம், ஈடி போடறேன்னு சொல்ற பிள்ளைங்களுக்கு மட்டும் போதும். செப்டம்பர்ல பேப்பரை வாங்குங்க, அக்டோபர் 20-க்குள்ள ஒரு லெட்டர் குடுங்க, குடுத்த பேப்பர் உண்மையா இருந்தா இந்தத் தொகை மாறாதுன்னு ஒரு வரி எழுதுங்க. அதைப் பாத்துட்டு மனசார கையெழுத்து போடறவங்கதான் உங்களுக்கும் வேணும். அப்புறம் பாதில உடைக்கறவங்களும் இருக்க மாட்டாங்க, ஸ்கூல் மேல தடை போட வேண்டிய வேலையும் உங்களுக்கு வராது.

கையெழுத்து போடலாமா வேணாமான்னு இப்ப யோசிச்சுட்டு இருக்கற நம்ம ஆட்களுக்கும் ஒண்ணு சொல்லிடறேன், உங்க முன்னாடியே சொல்றேன், மறைக்க ஒண்ணுமில்ல. கால்குலேட்டர்ல வர்ற பெரிய நம்பரைத்தான் எடுத்துக்கங்க, சின்னதை இல்ல. எய்ட் ஆபீஸுக்கு போன் பண்ணுங்க, மெயில்ல எழுத்துல கேளுங்க. அந்தப் பெரிய நம்பரை நாலால பெருக்கி, கடன் வாங்காம முடியும்னா, பிள்ளைக்கும் அந்த ஒரு காலேஜ்தான்னு உள்ளுக்குள்ள இருந்தா போடுங்க. பிள்ளைக்கே நாலு காலேஜ் ஒரே மாதிரி புடிச்சிருக்குன்னா, பக்கத்து வீட்டுப் பையன் போட்டான்ங்கறதுக்காக போடாதீங்க. அதோட ஸ்டேட் யுனிவர்சிட்டி அப்ளிகேஷனையும் நவம்பர் 1-க்கே முடிச்சு வைங்க, பெரும்பாலும் ஈடி போட்டாலும் அதுக்குத் தடை இருக்காது, எங்க வீட்ல டிசம்பர் மாசத்தைத் தாங்க வச்சது அதுதான்.

இப்ப என் பையன். அவனுக்கு ஒரு காலேஜ் புடிச்சிருக்கு, ஏப்ரல்ல கூட்டிட்டுப் போனோம், லைப்ரரில மூணாவது மாடில ஜன்னலோரமா ஒரு மேஜைல உக்காந்துட்டு எழுந்திருக்கவே மாட்டேன்னுட்டான். அக்காவும் தம்பியும் ஒரே நேரத்துல படிச்சா குடும்பப் பங்கைப் பிரிக்கறதை ஃபெடரல் கணக்குல 2024-25-லேர்ந்து எடுத்துட்டாங்க, உங்க சொந்தக் கணக்குல எப்படி எடுப்பீங்கன்னு எனக்கு இன்னும் தெரியல. கேட்டு மெயில் போட்டு 11 நாள் ஆச்சு. எங்க 2024 வரி ரிட்டர்ன், சம்பளச் சீட்டு, வீட்டுக் கடன் ஸ்டேட்மென்ட், திருச்சி வீட்டுப் பத்திரம், மாமனாரோட ஆஸ்பத்திரி பில் எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி ஒரே ஃபோல்டர்ல போட்டு வச்சிருக்கேன், எந்த அட்ரஸுக்கு அனுப்பணும்னு சொன்னா இன்னிக்கு ராத்திரியே அனுப்பிடுவேன். அவன் நேத்து அவன் பக்கத்து கையெழுத்தைப் போட்டுட்டான். எனக்கும் மெயில் வந்துடுச்சு, என் பேர் டைப் பண்ண வேண்டிய கட்டம் இன்னும் காலியாதான் இருக்கு.

இப்படிக்கு,
நியூ ஜெர்சிலேர்ந்து ஒரு அம்மா